தொண்ணூற்றைந்துக்குக் கீழே

காலையில் சட்டை போடுவது டன்னாருக்கு இரண்டு ஆள் வேலை. கட்டில் ஓரமாக நின்று, தொங்குகிற வயிற்றுத் தோலை இரு கையாலும் அவர் ஏந்திப் பிடிக்க வேண்டும். மனைவி அதன் அடியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, சிவந்து கன்றிய இடத்தில் களிம்பு தடவி, பவுடர் போடுவாள். பிறகு அகலமான பட்டையைச் சுற்றி, தோலை மடித்து உள்ளே தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து ஒட்டுவாள். அதற்கு மேல் பனியன், அதற்கும் மேல் முழுக்கைச் சட்டை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் முழுக்கைதான். மேல்கையிலும் இதே கதை என்பதால் வேறு வழியில்லை.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

"தூக்கிக்கிட்டுதானே நிக்கறேன். இதுக்கு மேல தூக்கினா கழுத்துல மாட்டிக்கும்."

மனைவி சிரிக்கவில்லை. ஆறு மாதமாக இதே பகடியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. இனிமே தள்ளிப் போட்டீங்கன்னா நானே டாக்டருக்கு போன் பண்ணிடுவேன்," என்றாள்.

"போறேன்மா. போறேன்."

டன் என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல், சிவப்பு எழுத்தில் எண் காட்டும் ஒரு பெட்டி. அந்த அறைக்குள் நூற்று ஐம்பத்தெட்டு கிலோவாக உட்கார்ந்திருந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வயது ஏறியதும் மரியாதைக்கு ஓர் 'ஆர்' ஒட்டிக்கொண்டது. இப்போது எடை தொண்ணூற்றேழு. உடம்பில் அறுபது கிலோ போயிற்று, பெயரில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

இளைத்தவனைக் கண்டால் உலகத்துக்கு ஒரே குஷி. பார்த்தவர்கள் எல்லாம் ரகசியத்தைக் கேட்டார்கள். தேன் குடித்தாயா, வெந்நீர் குடித்தாயா, ஓடினாயா என்று துளைத்தார்கள். மிச்சமாகிற தோலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொழுப்பு காலி செய்துவிட்டுப் போய்விட்டது. அது குடியிருந்த தோல் மட்டும் இவர் தலையில் விழுந்தது. நடந்தால் அது ஆடியது, திரும்பிப் படுத்தால் அரை நொடி தாமதித்துத் தானும் திரும்பியது. எலும்பும் தோலுமாக ஆகிவிட்டான் என்பார்களே, டன்னாரிடம் எலும்பும் கண்ணில் படவில்லை. தோல்தான், தோலுக்கு மேல் தோல்.

இத்தனையும் அழகுக்காக இல்லை, தங்கைக்காக. அவளுடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு காலத்தை ஓட்டுகிறாள். குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் ஒரு சிறுநீரகம் கொடுக்கப் பொருந்தியது அண்ணன் ஒருவர்தான். பதினான்கு மாதத்துக்கு முன் டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த உடம்புல கை வைக்க முடியாது. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வாங்க, அப்புறம் பேசலாம்," என்றார்.

அன்றைக்கே டன்னார் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். எண்களோடு அவருக்கு இருக்கும் உறவு அப்படிப்பட்டது. எல்லை இவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தால் அவ்வளவுதான். நாற்பது கிலோ கூடுதல் என்றாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். "அண்ணே, ஒரு மூட்டைகூட இல்லண்ணே" என்று ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள், சிலர் குதிப்பார்கள். டன்னார் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். ஒரு கிலோவுக்கு இரக்கப்பட்டால் நாளைக்கு நூறு கிலோ வந்து நிற்கும் என்பது அவர் கட்சி.

பதினோரு மாதத்தில் தொண்ணூற்றேழு புள்ளி நாலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே முள் நின்றுவிட்டது. சாப்பாட்டைப் பாதியாக்கினார், பிறகு அந்தப் பாதியையும் பாதியாக்கினார். மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு தம்ளர் மோர். படி ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. எடை மட்டும் அசைய மாட்டேன் என்று அடம் பிடித்தது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இவர் போன் செய்து, "இன்னும் ரெண்டு கிலோ இருக்கு, குறைச்சிட்டு வந்துடறேன்," என்பார். அங்கே எடுக்கிற பெண்ணும் சரி என்று வைத்துவிடுவாள். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

போன வாரம்தான் தங்கையின் கை மக்கர் செய்ய ஆரம்பித்தது. மெஷினுக்கு ரத்தம் எடுக்கிற குழாய் அடைத்துக்கொண்டது. இடது கையில் ஊசி குத்துவதை ஏற்கெனவே கைவிட்டாயிற்று. மிச்சமிருந்தது இந்த வலது கைதான். அதுவும் போனால் கழுத்தில் குழாய் போட வேண்டும், அதில் சீழ் பிடிக்கிற ஆபத்து அதிகம், சீக்கிரம் ஆபரேஷனை முடித்துக்கொள்வது நல்லது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கேட்டதிலிருந்து டன்னாருக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. முந்தாநாள் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். இன்றைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மத்தியானம் வண்டிகள் ஓய்ந்த நேரம். டன்னார் அறைக் கதவைத் தாழிட்டு ஜன்னலுக்குத் திரை போட்டார். மூலையில் பார்சல் எடை போடும் சின்னத் தராசு இருந்தது. அதை மேஜை மேல் தூக்கி வைத்துத் தட்டைத் துடைத்தார். சட்டையை அவிழ்த்தார், பட்டையைப் பிரித்தார். மேஜையை ஒட்டி நின்று, வயிற்றுத் தோலை இரு கையாலும் அள்ளி, குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாகத் தட்டில் வைத்தார். தட்டு சில்லென்று இருந்தது. எண் ஓடி, தயங்கி, மூன்று புள்ளி ஆறில் நின்றது.

அப்படியே நின்று அந்த எண்ணைப் பார்த்தார். தொண்ணூற்றேழு புள்ளி நாலில் மூன்று புள்ளி ஆறு போனால் தொண்ணூற்று மூன்று புள்ளி எட்டு. தாண்டியாயிற்று! லாரியை எடை போடும்போது காலி வண்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தானே சரக்கை எழுதுகிறோம்? தோலும் காலி வண்டி மாதிரிதானே? டாக்டருக்கு இது புரியாமலா போகும்?

அடுத்த நொடியே அவருக்குத் தன்மேல் கோபம் வந்தது. உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஒன்றைத் தட்டில் சாய்த்து வைத்து எடை என்று சொல்லலாமா? ஒரு சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கிற லாரிக்கு அவர் என்றைக்காவது சீட்டு கொடுத்ததுண்டா? இவ்வளவு கேவலமாகப் போய்விட்டோமே என்று இருந்தது. அழுகை வந்தது, அதற்கும் தெம்பில்லை. தனியாகப் பட்டையைக் கட்டத் தெரியாமல் கட்டி, கோணல்மாணலாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் எடை மெஷின் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று காட்டியது. டாக்டர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் டன்னார் முந்திக்கொண்டார்.

"சார், தொண்ணூத்தஞ்சுக்கு வரலதான். ஆனா மூணரை கிலோ தோலுதான் சார். அதைக் கழிச்சுப் பாருங்க. தோலைப் பட்டினி போட்டா அது கரையுமா சார்? நான் என்ன பண்ணட்டும்?"

டாக்டர் நிமிர்ந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். பட்டையைப் பிரித்து, தோலைத் தூக்கிப் பார்த்து, கிள்ளிப் பார்த்து, கன்றிய இடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"எப்போ இந்த எடைக்கு வந்தீங்க?"

"மூணு மாசம் ஆச்சு சார். அங்கேயே நின்னுடுச்சு."

"அப்பவே ஏன் வரல?"

"எப்படி சார் வர்றது? ரெண்டு புள்ளி நாலு கிலோ கூட இருந்துச்சே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வயதானவர், அவரும் களைத்திருந்தார். "தொண்ணூத்தஞ்சுன்னு நான் சொன்னது ஒரு உத்தேசத்துக்குய்யா. ரெண்டு கிலோ அப்படி இப்படி இருந்தா என்ன? அதுவும் இவ்ளோ தோலு தொங்குது. மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா அப்பவே சரின்னு சொல்லியிருப்பேன்."

"அப்போ இப்ப பண்ணிடலாம்தானே சார்?"

"இப்ப முடியாது. உங்க ரத்தத்தைப் பாருங்க. சத்தே இல்ல. இந்த ரத்தத்தோட கத்தி வெச்சா புண்ணு ஆறாது. மூணு மாசமா என்ன சாப்பிட்டீங்க?"

டன்னார் வெள்ளரிக்காய் என்றார். மோர் என்றார்.

"நல்லா சாப்பிடுங்க. முட்டை, பருப்பு, எல்லாம். மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம். ரத்தம் தேறினா தேதி குறிச்சிடலாம்." கொஞ்சம் தயங்கி, "நானும் உங்ககிட்ட ஒரு நம்பரைச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது," என்றார்.

நாற்பது கிலோவுக்கு லாரியைத் திருப்பி அனுப்புகிற மனிதர், இரண்டு கிலோவுக்குத் தன்னையே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். வேறு எவனாக இருந்தாலும் ஒரு தடவை கேட்டுப் பார்த்திருப்பான். சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க என்று பல்லைக் காட்டியிருப்பான். டன்னாருக்குக் கேட்கவே தோன்றவில்லை. மூன்று மாதம். வாரம் மூன்று என்றால் முப்பத்தொன்பது தடவை அவளை ஊசியால் குத்தியிருக்கிறார்கள். போதாதென்று இன்னும் ஒரு மூன்று மாதம். நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

தங்கை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலோரக் கட்டிலில் மெஷினோடு படுத்திருந்தாள். நர்சரி வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள். குரல் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"என்னண்ணா, மூஞ்சி தொங்கிப்போச்சு? மத்ததெல்லாம்தான் தொங்குதுன்னு பார்த்தேன்."

டன்னார் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மூன்று மாதம் முன்பே முடிந்திருக்கும் என்பதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"என்னாலதான்டி போச்சு. மூணு மாசத்தை நானே தின்னுட்டேன். என்னைத் திட்டுடி."

அவள் திட்டவில்லை. ஊசி குத்தாத இடது கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்து மேலே தூக்கினாள். கோணலாகக் கட்டிய பட்டைக்குக் கீழே தோல் பிதுங்கி மடியில் கிடந்தது. இத்தனை மாதத்தில் அவள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முழுக்கைச் சட்டைக்குள் அண்ணன் ஜம்மென்று இளைத்துவிட்டான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். புது மாப்பிள்ளை என்று கேலிகூடச் செய்திருக்கிறாள்.

அவளுடைய கை அந்தத் தோலின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

"வலிக்குதாண்ணா?"

"வலியெல்லாம் இல்லடி. சுமக்க முடியல, அவ்ளோதான்."

அவள் சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு வார்டு ஆயாவைக் கூப்பிட்டு, "அக்கா, கேன்டீன்ல ரெண்டு அவிச்ச முட்டையும் ரொட்டியும் வாங்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"இப்ப வேணாம்டி. வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறேன்."

"பேசாம உக்காரு. என் கண்ணு முன்னாடி சாப்பிடு. உன் வீட்டு வெள்ளரிக்காய் பவிசு எனக்குத் தெரியும்."

தட்டு வந்தது. டன்னார் முட்டையைக் கையில் எடுத்தார். மூன்று மாதப் பட்டினியில் வயிறு சுருங்கியிருந்தது. அவளோ இந்த நோயால் ஒரு தம்ளர் தண்ணீர்கூட இஷ்டப்பட்டுக் குடிக்க முடியாதவள். அவள் எதிரில் உட்கார்ந்து எப்படித் தின்பது? அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது பிள்ளைகளைச் சாப்பிட வைத்த பார்வை. முதல் வாய் இறங்க மறுத்தது. இரண்டாவது இறங்கிற்று. அவள் ரொட்டியையும் நகர்த்தி வைத்தாள்.

"மூணு மாசமும் இப்படித்தான். வாரத்துக்கு மூணு நாள் இங்க வந்து உக்காந்து சாப்பிடணும். தெரிஞ்சுதா?"

அவர் தலையாட்டினார்.

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோய் வந்து இரண்டு வருடத்தில் ஒருவர் முன்னாலும் அவள் அழுததில்லை, புலம்பியதில்லை. வருகிறவர்களை எல்லாம் இவள்தான் தேற்றி அனுப்புவாள்.

"அண்ணா, இந்தக் கை மூணு மாசம் தாங்குமான்னு தெரியல. எனக்குப் பயமா இருக்குண்ணா."

டன்னாருக்கு வாய் நிறைய முட்டையும் ரொட்டியும். துப்பவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல் மென்றார். ஆன மட்டும் வேகமாக மென்று, விழுங்கி, அடுத்த முட்டையை எடுத்தார்.