ஆண்டனிராஜ் வாத்தியார் வாங்கிய நல்ல கோடாலி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால் 'சதக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஊரில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அங்கே இருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். எனக்கு எழுபத்து நான்கு வயது. என் வாய் இன்னும் முழுதாக மூடிக்கொள்ளவில்லை. எழுதினால் மூடுமா என்று பார்க்கிறேன்.

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

'வடமதுரைப் பக்கம் ஒரு கோடாலி இருந்தது. அதன் நிழல் பட்டாலே முருங்கை மரம் சாய்ந்துவிடும்.' (பொய். தவிர, முருங்கை எது பட்டாலும் சாயும்.)

'ஆதி மனிதன் கல்லை உரசிக் கூராக்கிய அந்த நாளிலிருந்தே' (அங்கே ஆரம்பித்தால் நேற்றுக் காலைக்கு வந்து சேர என் ஆயுசு போதாது.)

'ஆண்டனிராஜ் வாத்தியார் கோடாலி வாங்கப் போனார்.' இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஆண்டனிராஜ் கணக்கு வாத்தியார். வயது ஐம்பத்திரண்டு. எனக்கு அண்ணன் மகன். அவர் மனைவி ஐரின். ஐரினுடைய அண்ணன் கிளெமென்ட், திண்டுக்கல்லில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார்.

ஆறு வருடத்துக்கு முன், திருவிழாக் கொடியேற்றத்தில் கயிற்றை முதலில் தொடுவது யார் என்று மச்சான்கள் இரண்டு பேருக்கும் பேச்சு முற்றியது. கிளெமென்ட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். தங்கச்சி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தங்கச்சி மகள் லிடியா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புது நன்மைக்கும் வரவில்லை.

(அன்று கயிற்றைக் கடைசியில் யார் தொட்டது என்று கேட்காதீர்கள். ஓர் ஆடு.)

இந்த வருடம் அதிசயம் நடந்தது. காலமான அப்பா நினைவாகக் கிளெமென்ட் கோயிலுக்குப் புதுக் கொடிமரம் ஒன்று கொடுத்தார். கூடவே தங்கச்சிக்கு போனும் போட்டார்.

"கொடியேத்தம் முடிஞ்சதும் ரெண்டு குடும்பமும் சிறுமலை அடிவாரத்துல, நம்ம கூட்டாளி அல் அமீன் தோப்புல கூடாரம் போட்டு ஒரு நா தங்குவம். கூடாரம் என்னுது. வெறகு வெட்ட ஒரு கைக்கோடாலி மட்டும் மாப்ள கொண்டாரட்டும்."

ஐரின் போனை வைத்துவிட்டு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். செத்த நேரம் கழித்துப் புருசனைக் கூப்பிட்டாள்.

"கோடாலிய நல்லதாப் பாத்து வாங்குங்க. ஆறு வருசத்துல எங்கண்ணே நம்மகிட்ட கேட்ட மொதப் பொருளு."

3

இனி ஆண்டனிராஜின் தலைக்குள் புகுந்துகொள்கிறேன். கணக்கு வாத்தியார் தலை என்பதால் கொஞ்சம் இடநெருக்கடி.

அவருக்குக் கோடாலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை ஒத்துக்கொண்டு, கோடு போட்ட நோட்டும் பேனாவுமாகத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார். முதல் கடையில் சிவப்புப் பெயின்ட் அடித்த, ரப்பர் பிடி போட்ட கைக்கோடாலி ஒன்றை நீட்டினார்கள். பார்க்கப் பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பரிசு மாதிரி இருந்தது. தலைக்கும் காம்புக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வேடசந்தூர் ரோட்டில் இருளப்பனின் கொல்லுப்பட்டறை. இருளப்பன் கேட்ட முதல் கேள்வி: "எதை வெட்டப் போறீக?"

"சுள்ளி, கொஞ்சம் விறகு. கூடார முளை அடிக்கணும்."

"அப்ப முழங்கை நீளக் காம்பு போதும். பெருசு வாங்குனா பந்தாவாத்தான் இருக்கும், மணிக்கட்டு போயிரும். கைய நீட்டிப் பிடிச்சு அம்பது எண்ணுங்க. நடுங்குனா அது உங்களுக்கு இல்ல."

வாத்தியார் எண்ணினார். நாற்பத்தொன்றில் நடுங்கியதை வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஐம்பதுக்கு மேலும் எண்ணிக்கொண்டே போனவரை இருளப்பன்தான் நிறுத்தினார். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டை இரும்பில் அடித்த தலை. நகத்தால் சுண்டினால் மணிபோல ரீங்காரம் நின்றது. காம்பில் பெயின்ட் கிடையாது. "பெயின்ட் அடிக்கிறதே கணுவ மறைக்கத்தாங்க," என்றார் இருளப்பன். மரத்தின் ரேகை காம்பின் நீளத்துக்கு நேராக ஓடியது. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தால் வாயும் காம்பும் ஒரே கோடு. காம்பின் உச்சியில் ஆப்பு அடித்துத் தலை இறுகியிருந்தது. வாய்க்குத் தோலுறை.

பார்க்கத்தான் கன்னங்கரேலென்று, பழைய வீட்டில் தோண்டி எடுத்த சாமான் மாதிரி இருந்தது. வாத்தியார் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

4

(இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.)

கோயிலுக்குப் பின்னால் ஊருக்கே சோறு போடும் திருவிழா அசனத்துக்கான விறகு மலைபோலக் குவிந்திருந்தது. அதை ஒட்டி, வெயிலில் வெடிக்காமலிருக்கத் தென்னங்கிடுகு போட்டு மூடிய நீளமான ஏதோ ஒன்று. நுனி மட்டும் விறகுக் குவியல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. பட்டை உரித்த, வழவழப்பான, மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருத்த கட்டை. நேற்றுக் காலை வாத்தியார் புதுக் கோடாலியைக் காட்ட அங்கே வந்து நின்றார்.

"அந்தக் கட்டையில ஒரு போடு போட்டுப் பாருங்க வாத்தியாரே," என்றார் யாரோ ஒருவர்.*

ஆண்டனிராஜ் நோட்டை இடுப்பில் செருகினார். உறையைக் கழற்றினார். காலை அகட்டி நின்றார். வாழ்க்கையில் முதல் வெட்டு. சதக்.

முக்கால் பங்கு உள்ளே போய்விட்டது. தன் கை இவ்வளவு செய்யும் என்று அவருக்கே நம்பிக்கையில்லை. சந்தோசமாக நிமிர்ந்தபோதுதான் எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்த அம்பிகாவின் இடுப்பிலிருந்த குடத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, அவள் நிமிர்த்தவில்லை. பங்குச்சாமி அங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றார். நுனியோடு கிடுகு சரிந்தது. கிடுகுக்குக் கீழே முப்பத்தைந்து அடிக்குக் கொடிமரம்.

அந்தக் கணத்தில்தான் கிளெமென்ட் வந்தார். மரத்தில் பூச எண்ணெய் டின்னோடு. மரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை கையைப் பார்த்தார். டின்னைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

"கோடாலி நல்லாத்தான் வாங்கியிருக்கீக மாப்ள," என்றார். திரும்பி நடந்தார்.

ஆண்டனிராஜ் "மச்சான்" என்று

(இதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று எழுத முடியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. வாய் மட்டும் அசைந்தது.)

5

* அந்த 'யாரோ ஒருவர்' நான்தான். அருள்நாதன், த/பெ சூசை.

எனக்குத் தெரியாது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். தெரியும். அது கொடிமரம் என்று நன்றாகத் தெரியும். தெரியாதது கோடாலியைப் பற்றி. சிவப்பாக, பளபளப்பாக இருந்ததை விட்டுவிட்டு இந்தக் கரிக்கட்டையை வாங்கி வந்திருக்கிறானே, இது வாழைத்தண்டைக்கூட நறுக்காது என்று நினைத்தேன். லேசாக ஒரு தட்டு தட்டுவான், கோடாலி எகிறும், 'அப்பு, அது கொடிமரம்ல' என்பேன், வேர்த்து விறுவிறுத்துப் போவான், ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சிரிக்கலாம். அவ்வளவுதான் திட்டம். படுபாவி நல்லதாகப் பார்த்து வாங்கியிருக்கிறான்.

ஐரின் அவனை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏன் வெட்டுனீக?"

"வெட்டிப் பாக்கத்தான்," என்றான். என் பேரைச் சொல்லவில்லை. இந்த நிமிசம் வரை சொல்லவில்லை. அவன் கண்ணை நான் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்காமலிருக்கிறான், மரியாதையாக.

நேற்றுச் சாயங்காலம் நானே போய்க் கிளெமென்ட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மாமா, மாப்ளயக் காப்பாத்தப் பாக்குறீக. போன மழையில குடகனாத்துல தண்ணி வந்தப்ப ஒரு விரால் மீனு உங்க சைக்கிள மிதிச்சுக்கிட்டு அகரம் வரைக்கும் போச்சுன்னு சொன்னீகள்ல? அதையும் இதே மூஞ்சியோடதான் சொன்னீக."

மூஞ்சி எனக்கு ஒன்றுதான் இருக்கிறது.

6

மரத்துக்கு வைத்தியம் உண்டு. நுனியில் மூன்றடியை எடுத்துவிட்டால் போதும் என்று பங்குச்சாமி சொல்லிவிட்டார். இன்று ஆறு மணிக்குக் கொடி ஏறிவிடும். கிளெமென்ட் கூடாரத்தை மடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். அவர் இருப்பாரா, ஊருக்குப் போவாரா என்பதுதான் பாக்கி.

முடிவு அ: கிளெமென்ட் சிரித்துவிடுகிறார். மச்சான்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். (நான் எழுதினால் அதையும் யாரும் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: வண்டி புறப்படுகிறது. இன்னும் ஆறு வருடம். (இதை எழுதக் கை வரவில்லை.)

முடிவு இ: எழுதிக்கொண்டிருக்கும்போதே, எனக்கு மதியச் சோறும் வெஞ்சனமும் கொண்டு வந்த ஐரின், கயிற்றுக்கட்டிலில் கிடந்த தாள்களை எடுத்துப் படிக்கிறாள். இது கற்பனை இல்லை. இப்போது, என் எதிரே. ஆடு வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். நான்காம் பகுதியில் உதட்டைக் கடித்தாள். ஐந்தை முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தாள்.

"இதுல எது நெசம் மாமா?"

"அஞ்சாவது."

"எங்கண்ணே நம்பாது."

"நீ நம்புறியா தாயி?"

ஐந்தாம் பகுதியை மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள். வெளியே கிளெமென்ட்டின் வண்டியை யாரோ ஸ்டார்ட் செய்கிறார்கள். அவள் எழுந்துவிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தத் தாளுக்கும் கையை நீட்டுகிறாள். அண்ணனிடம் கொண்டுபோகவா, அடுப்பில் போடவா என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கொடுப்பதென்றால் இங்கேயே எழுதுவதை