சர்க்கரை நாள்

மாத்திரையைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வைத்துத்தான் நீட்ட வேண்டும் என்பது எங்கள் மருந்து ஆய்வை நடத்தும் தலைமை ஆய்வாளரின் உத்தரவு. பிளாஸ்டிக் மூடியில் கொடுத்தால் அந்த நாளின் மரியாதை போய்விடுமாம். டார்லா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சர்ச்சுல அப்பம் குடுக்கற மாதிரி குடுக்கறீங்களே டாக்டர், முட்டி போடணுமா?" என்று கேட்டுவிட்டு ஒரே மடக்கில் விழுங்கினாள்.

டாக்டர் என்று அவள் சொன்னது என்னை. பெயர் நடீன். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் பயிற்சி முடியாத ஜென்மம். ஒஹையோவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில் இரண்டாவது வருடமாக இதே பிழைப்பு. ஒரு காலத்தில் இரவு விடுதிகளில் கள்ளத்தனமாக விற்ற மருந்தை, போரில் மனம் உடைந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். மருந்தின் வேகம் இறங்கும்வரை, கிட்டத்தட்ட எட்டு மணி நேரம், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என் வேலை. ஆய்வு என்பதால் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதாவது, காகிதத்தில் தெரியாது. கொஞ்ச நேரம் போனால் அறையில் இருக்கிற சோபாவுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

டார்லாவுக்குச் சர்க்கரை.

கண்ணைக் கட்டிக்கொண்டு, காதில் புல்லாங்குழலும் செல்லோவும் ஓட, படுத்துக் கிடந்தாள். ரத்த அழுத்தம் ஏறவில்லை. கண்பாவை விரியவில்லை. என்னோடு ஜோடியாக உட்காரும் சமூகப் பணியாளர் ஓடெல் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தினார். மூலையில் ஒளிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் உயர்த்தக் கூடாது. எனக்கு அழுகை வரவில்லை, சலிப்புதான் வந்தது. முந்தின வாரம் வேறொருவருக்கும் சர்க்கரை நாள்தான்.

இந்த மாத்திரைக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பழைய மாத்திரைகள் ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது விதி. ஒவ்வொன்றாகக் குறைத்ததில் தலைக்குள் மின்சாரம் அடிக்கிற மாதிரி வலி. மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு வாந்தி. எல்லாம் மகன் ட்ரெண்டுக்காக. பையன் அப்பா வீட்டில் இருக்கிறான். மருந்து வேலை செய்தால் அவனைத் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்பது அவள் போட்ட கணக்கு.

நேரம் போகப் போக அவளே கண்கட்டைக் கழற்றினாள். பல் டாக்டர் வரவேற்பறைப் பாட்டைக் கேட்டுக் காது புளித்துவிட்டது, இது சர்க்கரைதானே என்றாள். ஓடெல் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் சொன்னார்: இப்போது என்ன தோன்றுகிறதோ அதோடு இருங்கள்.

"பசி தோணுது," என்றாள்.

உப்பு பிஸ்கட் கொடுத்தோம். வீட்டுக்குப் போகிறேன் என்றாள். மாலைவரை வெளியே போக மாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்ததை நினைவூட்டினேன். திட்டினாள். தலைமை ஆய்வாளரில் தொடங்கி அமெரிக்க அரசாங்கம்வரை ஒருவரும் மிஞ்சவில்லை. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என் இடுப்பு விட்டுப்போனது. ஒரு கட்டத்தில் ஓடெலின் வயிறு சத்தம் போட்டது, யாரும் சிரிக்கவில்லை.

மதியம் தாண்டி, சுவரைப் பார்த்தபடியே அவள் பேச ஆரம்பித்தாள்.

ராணுவத்தில் இருந்தபோது, போரில் செத்தவர்களின் சாமான்களை வீட்டுக்கு அனுப்புகிற கிடங்கில் அவளுக்கு வேலை. ரத்தமும் மண்ணும் ஒட்டிய சட்டைகளைப் பெற்றவர்கள் பார்க்கக் கூடாதென்று துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துப் பெட்டியில் வைப்பாள். நல்ல மனசோடுதான் செய்தாள். கறை போகாவிட்டால் இரண்டாம் முறையும் துவைப்பாள். ஒருமுறை பெட்டியை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்க அவளையும் அனுப்பினார்கள். கென்டக்கியில் ஒரு மலையடிவார வீடு. செத்தவனின் தாய் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த சட்டையை எடுத்து முகத்தில் வைத்து, ஆழமாக மூச்சை இழுத்திருக்கிறாள்.

"அப்புறம் தலைய நிமித்தி என்னைப் பாத்தா. 'இது சோப்பு வாசனை. என் புள்ள வாசனை எங்க?'ன்னு கேட்டா. கோபமாக்கூட கேக்கல. நான்தான் எடுத்து வச்சிருக்கேன், திருப்பிக் குடுப்பேன்னு நெனச்சு கேக்கற மாதிரி கேட்டா." டார்லா எங்கள் பக்கம் திரும்பினாள். "எத்தனை சட்டை டாக்டர். எத்தனை வீடு. அவங்கல்லாம் கேக்கல, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சோப்புத்தூள் வாசனை பட்டால் அவளுக்கு மூச்சு முட்டும். பையன் வாரக்கணக்கில் துவைக்காத சட்டையோடு பள்ளிக்கூடம் போனான். ஆசிரியை கூப்பிட்டுக் கேட்டாள். அப்பா வந்து அழைத்துப் போனார்.

இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்று எனக்கு வாக்கியங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவற்றை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நீட்டினாள். மாலைவரை அப்படியே இருந்தோம். கிளம்பும்போது, ஓட முடியாமல் பூட்டி வைத்தீர்கள், அதனால்தான் சொன்னேன், இல்லாவிட்டால் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றாள்.

ஒரு மாதம் கழித்து மதிப்பீடு. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண் வேறு ஊரிலிருந்து திரை வழியாகக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவாள். சர்க்கரை கிடைத்தவர்களுக்குப் பிறகு உண்மையான மருந்து உண்டு. ஆனால் மதிப்பெண் ஒரு கோட்டுக்கு மேல், அதாவது இன்னும் மோசமாக, இருந்தால்தான்.

உள்ளே போகும் முன் டார்லா என்னைத் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"மழுப்பாம சொல்லுங்க டாக்டர். நான் இப்ப தூங்கறேன். முழுசா இல்ல, ஆனா தூங்கறேன். கனவும் கொறஞ்சிருக்கு. அத சொன்னா மருந்து கிடைக்காது. இல்லன்னா கிடைக்கும். நான் என்ன சொல்லட்டும்?"

பொய் சொன்னால் அவளுக்கு மருந்து. சர்க்கரை பெற்றவர்கள் தேறவில்லை என்று ஆனால் ஆய்வுக்கு நல்லது. ஆய்வு வென்றால் எனக்கு வேலை, காத்திருக்கும் மற்றவர்களுக்கும் வழி. உண்மை சொன்னால் ஒருத்தருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. பொய் சொல் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"உங்களுக்கு எது உண்மையோ அத சொல்லுங்க," என்றேன்.

"வேற ஏதாவது சொல்லத் தெரியுமா உங்களுக்கு?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வெளியே வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில் பொய் வரவில்லையாம். மதிப்பெண் கோட்டுக்குக் கொஞ்சம்தான் கீழே. கீழே என்றால் கீழேதான்.

முடிவைச் சொல்ல நான் அவளை உட்காரவைத்தேன். கொஞ்சம் தேறியதற்கு இது தண்டனையா என்று கேட்டாள். பையனின் துணிகளை இன்னும் அவளால் தொட முடியவில்லை.

"சரி, மருந்து வேணாம்," என்றாள். "அந்த ரூம் காலியா இருக்கற ஒரு நாள் சொல்லுங்க. நீங்களும் ஓடெலும் அதே மாதிரி நாள் முழுக்க உட்காருங்க. மிச்சத்தையும் சொல்லிடறேன். எனக்கு அது போதும்."

அப்படி ஒரு சிகிச்சை எங்களிடம் இல்லை. மாத்திரை இருந்தால் இரண்டு பேர் எட்டு மணி நேரம் உட்காரலாம். மாத்திரை இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐம்பது நிமிடம், அதுவும் வேறு ஒருவரிடம், அதற்கும் வரிசை. விதி இடம் கொடுக்காது என்று சொன்னேன். அப்படியொரு விதி இருந்ததில் எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. இன்னொரு எட்டு மணி நேரம் என்னால் முடியாது என்று உடம்பு முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் எழுந்து என் தோளைத் தட்டினாள்.

"போய்த் தூங்குங்க டாக்டர். என்னைவிட மோசமா இருக்கீங்க."

கோபித்துக்கொண்டு போயிருந்தால் தாங்கியிருப்பேன்.