மேட்ரன் அம்மாவின் மூக்கு

“தொடைச்சியா, இல்ல தொடைச்ச மாதிரி நடந்துட்டு வந்தியா?”

மேட்ரன் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. தரையை இரண்டு முறை துடைத்திருந்தேன். குனிந்தால் என் முகம் தெரிந்தது. ஆனால் யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுந்து நின்று படி, எழுந்து நின்று படி என்று டீச்சர் சொல்லிச் சொல்லியே பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சித்திதான் எனக்காகப் பேசினாள்.

“ரெண்டு தடவை தொடைச்சாம்மா. இவ தொடைச்ச தரையில கொசு நின்னா வழுக்கி விழும்.”

“அப்புறம் ஏன் வாசனையே வரல?”

அங்கேதான் சிக்கல். மேட்ரன் அம்மா முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர். அவருக்குச் சுத்தம் மூக்கு வழியாகத்தான் தெரியும். ப்ளீச் வாடை சுருக்கென்று ஏறினால் வீடு சுத்தம். ஏறாவிட்டால் நாங்கள் ஏமாற்றுக்காரிகள்.

சித்திக்கோ அந்த வாடை ஆகாது. வீடு வீடாக ப்ளீச்சும் ஆசிட்டும் ஊற்றிக் கழுவியதில், மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. வேலையை விடு, இல்லை அந்த பாட்டிலை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வாளியில் இருப்பது வினிகர், சமையல் சோடா, எலுமிச்சம்பழம், கல் உப்பு, பழைய செய்தித்தாள். எலுமிச்சைத் தோலை வினிகரில் இரண்டு வாரம் ஊறப்போட்டு வடிகட்டுவது என் பொறுப்பு. எந்தக் கறை எதற்குப் போனது, எத்தனை நிமிடத்தில் போனது என்று வீட்டுக்கு ஒரு பக்கமாக நோட்டில் எழுதி வைப்பேன். ஒரு வீட்டில் பளிங்கு மேஜையை வினிகரால் துடைத்து, தட்டு அளவுக்கு மங்கலாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டதும் அதில் இருக்கிறது. ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் நச்சுக்காற்று வரும் என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

மற்ற வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். மேட்ரன் அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தார். அதற்குள் ‘சுத்தமான வாசனை’ வராவிட்டால் வேறு ஆள். இது வாரத்தில் மூன்று நாள் வேலை. போனால் சித்தி மறுபடியும் பெரிய கட்டிடத்துக் கழிவறைகளுக்குத்தான் போக வேண்டும். ஆசிட் இல்லாமல் அங்கே ஒரு நாளும் விடியாது.

வெள்ளிக்கிழமை காலை மேட்ரன் அம்மா கடைக்குப் போயிருந்தார். எங்களிடம் இருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனோம். நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், சித்தி மேட்ரன் அம்மாவின் பாட்டிலிலிருந்தே ஒரு கிண்ணத்தில் ப்ளீச் ஊற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

“வாசனைதானே கேட்டாங்க? குடுத்தாச்சு. வேலைய நாம நம்ம மாதிரியே செய்வோம்.”

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் வினிகர் பாட்டிலையும் கிண்ணத்தையும் மாறி மாறிக் காட்டினேன். அது அங்கே, இது இங்கே, இரண்டுக்கும் கல்யாணமா ஆகப்போகிறது, பேசாமல் இரு ஊமைக் கோட்டானே என்றாள்.

அப்போது கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போன மேட்ரன் அம்மா, பாதி வழியில் திரும்பி வந்திருந்தார்.

வாசலிலேயே நின்று கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். முகம் மலர்ந்தது.

“இப்பதான் வீடு வீடா இருக்கு. மனசு வெச்சா உங்களால முடியுது பாரு. இனிமே தினமும் இதையே ஊத்துங்க.”

தினமும் என்றதும் சித்தியின் சிரிப்பு வற்றியது. துடைக்கிற துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. விசில் எனக்கே கேட்டது.

“இன்னும் தொடைக்கவே ஆரம்பிக்கல மேடம்.”

பேசியது யார் என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். என் குரல்தான்.

மேட்ரன் அம்மா மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தரையில் பிஸ்கட் தூள். அடுப்பில் காலையில் பொங்கிய பால், கருகி ஒட்டிக் கிடந்தது. கதவுக்குப் பின்னால் கிண்ணம். சித்தி சாவியை மெல்ல மேஜைமேல் வைத்துவிட்டாள்.

அவர் திட்டவில்லை. சித்தியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கவனித்தார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். வாயாடிச் சித்திக்குப் பேச்சு வரவில்லை. அஞ்சு வருஷமா என்று நான்தான் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். ஒரு நாளில் நான் பேசும் அளவு அதோடு தீர்ந்தது.

“சரி, தொடைங்க. நான் பார்க்கறேன்” என்று நாற்காலியை நடுக்கூடத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

கிண்ணத்தை மாடிப்படிப் பக்கம் தள்ளி வைத்து மூடினேன். கையைக் கழுவி, ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். அடுப்பில் சோடாவைக் குழைத்துப் பூசிக் கால்மணி நேரம் விட்டதும் பால் கறை ஏடு ஏடாகக் கழன்றது. உப்புப் படிந்த குழாய்க்கு வினிகரில் நனைத்த துணியைக் கட்டுப்போட்டேன். அந்தக் கட்டை மட்டும் மேட்ரன் அம்மா எழுந்து வந்து அவிழ்த்து, ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போனார். ஜன்னல் கண்ணாடிக்குச் செய்தித்தாள். தரையைச் சித்தி அறை அறையாகத் துடைத்து வர, அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

முடிந்ததும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். குழாயின் அடிப்பக்கம், அடுப்பின் விளிம்பு, அலமாரியின் மேல்தட்டு என்று தேய்த்துக்கொண்டே போனார். கைக்குட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். திருப்பிப் போட்டும் முகர்ந்தார்.

“ஒண்ணுமே வரலையே” என்றார் தனக்குள்.

“நாறுறதுக்கு அழுக்கு இருந்தாதானேம்மா?” என்றாள் சித்தி. பேச்சு திரும்பிவிட்டது.

மேட்ரன் அம்மா கைக்குட்டையை மடித்து வைத்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து, தன் பெரிய ப்ளீச் பாட்டிலை எடுத்துக் கடைப் பையில் போட்டார். மேஜைமேல் இருந்த சாவியை எங்கள் வாளியில், எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் போட்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பை கையில் ஆடப் படியிறங்கிப் போனார்.