நெஞ்சுக்கு நேராக

ஜெயவேலு தன் வாழ்நாளில் விலை குறைத்துக் கேட்காமல் வாங்கிய ஒரே சரக்கு அந்த ரிவால்வர்தான். தாம்பரம் மார்க்கெட்டில் என் இரும்புக் கடையை ஒட்டி அரிசி மண்டி வைத்திருந்தவர். கொசுறு கறிவேப்பிலைக்கே சண்டை பிடிக்கிற ஆள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன வயலுக்கு மனைக்கட்டு விலை வந்த வருஷம், முழுதும் எனக்கே என்று தம்பி சிட்டிபாபு பட்டாக்கத்தியோடு வந்து அண்ணன் வீட்டுக் கதவைக் கொத்தினான். அடுத்த தடவை கதவு இல்லை, கழுத்து என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம்தான் லைசென்ஸ். மனுவில் தம்பி பெயரை எழுத மனம் வராமல், திருடர் பயம் என்று எழுதினார்.

ஞாயிறு காலைகளில் என் ஸ்கூட்டரில்தான் ரைபிள் கிளப்புக்குப் போவோம். சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்த வேதசிரோமணி. அட்டையில் ஆள் உருவம் வெட்டி நிறுத்துவார்.

"வரப்போறவன் என்ன உயரம் இருப்பான் சார்? அந்த அளவுக்கே வெட்டிடறேன்."

ஜெயவேலு யோசிக்காமல் கையை இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினார்.

"என்ன சார், தவழ்ந்துகிட்டு வர்ற திருடனா?" என்று சிரித்தார் சுபேதார்.

நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் அம்மா செத்துப்போனபோது சிட்டிபாபு அவ்வளவு உயரம்தான். குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் ஜெயவேலுதான்.

வாரக்கணக்கில் குண்டெல்லாம் அட்டையின் காலிலேயே பட்டது.

"கத்தியோட ஓடி வர்றவன் கால்ல பட்டா நிக்க மாட்டான் சார். நெஞ்சு, நட்ட நடுவுல. முடியாதுன்னா இதை வீட்டுல வெச்சுக்காதீங்க. அவன் பிடுங்கி உங்களையே சுடுவான்."

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, சுட்டதெல்லாம் நெஞ்சில். ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். சுபேதார் முதுகில் தட்டினார். ஜெயவேலு மணல் மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

திரும்பும்போது கேம்ப் ரோடு முனையில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"கை பழகிடுச்சு பாய். இனிமே நான் வேணாம்னாலும் இது கேக்காது. அவன் வந்தான்னா வுழுந்துடுவான்."

"பாதி நிலத்துக்கு நான் பேசி முடிக்கிறேன்."

"மொத்தத்தையும் எழுதிக் குடுத்துடறேன். என் வூட்டு வாசப்படி மட்டும் மிதிக்க வேணாம்னு சொல்லு. எப்பவும்."

துப்பாக்கியை அந்த வாரமே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். மேடவாக்கத்தில் இருந்த தம்பிக்குப் பத்திரத்தை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். சிட்டிபாபு கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துக் கையெழுத்தைத் தடவினான்.

"இன்னா பாய், அண்ணன் பயந்துகினாரா?"

"ஆமாம்பா," என்றேன். "ரொம்பப் பயந்துட்டாரு."