செடிக்குப் போகும் வழி

என் மனைவிக்கு என்னைவிட ஒரு செடியின் மேல்தான் பிரியம் அதிகம். இதை நான் ஊர் முழுக்கக் குறையாகச் சொல்வதில்லை. அவளுடைய தம்பியிடம் மட்டும் சொல்வேன். "கட்டிக்கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்பேன். "சொல்லியிருந்தா நீங்க கட்டியிருப்பீங்களா மாமா?" என்பான். பிழைக்கத் தெரிந்தவன்.

அவள் தாவர ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காட்டுச் செடிகளில் எது நன்றாக இருக்கிறது, எது குறைந்துவருகிறது, எது போயே போய்விட்டது என்று பார்த்துத் தரம் பிரிப்பது அங்கே வேலை. நான் பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். எனக்குத் தெரிந்த தரம் இரண்டுதான்: ஓடும், ஓடாது. அவர்களுக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட படிகள். அவளுடைய செடி 'மிக ஆபத்தான நிலை' என்ற படியில் நின்றது. அதற்கும் கீழே இறங்கினால், காட்டில் இனி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியதுதான்.

அந்தச் செடி உலகத்தில் ஒரே ஒரு மலைச்சரிவில்தான் இருக்கிறது. மொத்தத்தையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வருடத்தில் பாதி நாள் மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். மழை விழுந்ததும் இரண்டு இலை விடும், வெள்ளையாக ஒரு பூ பூக்கும், மறுபடியும் படுத்துவிடும். பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி அப்படி ஒரு சொகுசு. அதன் பெயர் எந்த பிரிட்ஜின் மாடல் நம்பரைவிடவும் நீளம் என்பதால் நான் அதை 'மகாராணி' என்றுதான் சொல்வேன்.

மழைக்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் அவளுக்கு மகாராணி தரிசனம். பைக்கில் கொண்டுபோய் விடுவது நான். சாலை வளைகிற இடத்தில் ஒரு கைப்பிடிச் சுவர் இருக்கும். அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் மேலே ஏறுவாள். என்னைக் கூட்டிப்போக மாட்டாள். "நீங்க வந்தா யானை புகுந்த மாதிரி ஆயிடும்" என்பாள். அதனால் இந்த நிமிஷம் வரை நான் அந்தச் செடியை நேரில் பார்த்ததில்லை. போட்டோவைக்கூட வீட்டில் வைத்திருக்க மாட்டாள். அவர்கள் வெளியிடுகிற வரைபடத்திலும் இடத்தைக் காட்டமாட்டார்கள், மலை மொத்தத்தையும் சேர்த்து ஒரு பெரிய வட்டம் போட்டுவிடுவார்கள். அபூர்வம் என்று தெரிந்தால் போதும், கிழங்கைத் தோண்டி விற்க ஆட்கள் இருக்கிறார்களாம். வாய் ஓயாமல் பேசுகிறவள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கல்லுளிமங்கி.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏறிய வேகத்தில் இறங்கிவந்தாள். கையெல்லாம் சேறு.

"தோண்டிட்டாங்க" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"மூணு. ஓரம் பிசிறில்லாம தோண்டி எடுத்திருக்காங்க. தெரிஞ்சவன் வேலை."

சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தச் சுவரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வந்ததும் பைக்கில் ஏறிவிடுகிறவளுக்கு அங்கே உட்கார ஏது நேரம்? தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கியவள் குடிக்காமல் அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க... அது எப்பலேர்ந்து இருக்கு?"

"எது?"

"அந்தக் கோடு."

சரிவு முழுக்கப் புல். அதன் நடுவில், சீப்பால் வகிடு எடுத்த மாதிரி, சாலையிலிருந்து பாறை வரைக்கும் ஒரு தடம். நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற தடம்தான். உண்மையைச் சொன்னால், அது அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறேன். "நீ நடந்து நடந்து விழுந்ததுதானே" என்றேன், இதில் என்ன அதிசயம் என்பதுபோல.

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். எனக்கும் அப்புறம்தான் உறைத்தது. வரைபடத்தில் மறைத்து, வீட்டில் மறைத்து, கட்டின புருஷனிடம்கூட மறைத்து வைத்த இடத்துக்கு, அவள் செருப்பே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. திருடன் எந்த வரைபடத்தையும் புரட்டவேண்டியதில்லை. சாலையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் போதும்.

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று, "நான் இனிமே போகப்போறதில்ல" என்றாள்.

"ஏய், கோபத்துல பேசாத. காவலுக்கு ஒரு ஆள் போடச் சொல்லு."

"காவல்காரர் பறந்தா போவாரு? அவர் காலுக்கும் ஒரு தடம் விழும்."

"அப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்து நாலா பக்கமும் நடந்து, பத்து பொய்த் தடம் போட்டு விட்டுடலாம். எது நெசம்னு எவனுக்கும் தெரியாது."

"அங்க இருக்கிற மத்த செடியெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? உங்க காலுக்கு எல்லாமே புல்லுதான்." திட்டினாலும் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாத்திரம் கழுவி முடிக்கிறவரைக்கும்கூட நிற்கவில்லை.

மறுவாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே எனக்கு. இதற்காக எத்தனை நாள் புலம்பியிருப்பேன்! இப்போது பார்த்தால், அவள் அலமாரியைக் கவிழ்த்துப்போட்டு அடுக்குவாள், அடுக்கியதைத் திரும்பக் கவிழ்ப்பாள். மழை பெய்தால் ஜன்னலை விட்டு நகரமாட்டாள். "இப்ப இலை விட்டிருக்கும்" என்பாள் ஒருநாள். "விட்டிருக்குமா?" என்பாள் மறுநாள். ஒரு செடியோடு போட்டி போட்டு ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

வருடக் கடைசியில் அவர்கள் அலுவலகத்தில் கூட்டம். ஒவ்வொரு செடியாகச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்பார்களாம். பார்த்தவர்தான் பதில் சொல்லவேண்டும். தொடர்ந்து சில வருடம் யாரும் பார்க்கவில்லை என்றால், அற்றுப்போயிருக்கலாம் என்ற சந்தேகப் படிக்குத் தள்ளிவிடுவார்கள். மகாராணியின் முறை வந்தபோது இவள் எழுந்து, "தெரியாது சார்" என்றாளாம்.

"தெரியாதுன்னா? நீங்கதானேம்மா அதுக்குப் பொறுப்பு?" என்று இயக்குநர் கேட்டிருக்கிறார்.

"பொறுப்புன்னாலதான் சார் போகல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். இதைச் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு இலையைக் காட்டினால் அதன் ஏழு தலைமுறையையும் சொல்கிறவள் அவள். நான்கு பேர் நடுவில் தெரியாது என்று நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கு அந்த இயக்குநரின் வீட்டு பிரிட்ஜ் எப்போது என் கைக்கு வரும் என்றிருந்தது.

இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. ஒரு ஞாயிறு, "ஒரு வீட்டுல மெஷின் பார்க்கணும், கூட வா" என்று புளுகி அவளை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுக்கே போய் நிறுத்தினேன். மேலே ஏற வேண்டாம், கீழே நின்று ஒருமுறை பார்க்கட்டுமே என்றுதான். முதலில் முறைத்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

சரிவு முழுக்கப் பச்சை. தடம் இல்லை. புல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மூடியிருந்தது.

"அந்தப் பாறைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றாள். கண்ணைச் சுருக்கித் தேடினாள். "எனக்கே தெரியலங்க." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். கண்ணிலோ தண்ணீர்.

அப்போது ஒரு கார் வேகம் குறைந்து எங்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டிவந்தவர் கண்ணாடியை இறக்கி, எங்களைப் பார்த்தார். பிறகு அவள் பார்க்கிற திசையில் மலையைப் பார்த்தார்.

"அங்க என்ன இருக்கு? ஏதாவது விசேஷமா?"

அவள் படக்கென்று தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்ல சார். வண்டி நின்னுபோச்சு."

என் வண்டியா? வாரம் தவறாமல் நானே துடைத்து எண்ணெய் போடுகிற வண்டி. ஆனாலும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நன்றாக இருந்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தேன். அந்த மனிதர் நல்லவர்போல. இறங்கிவந்து கார்புரேட்டரில் அடைப்பு இருக்கும் என்று யோசனையெல்லாம் சொன்னார். அவர் இருந்த நேரம் முழுக்க அவள் மலைக்கு முதுகைக் காட்டி நின்று, நான் கழற்றிய பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கார் வளைவில் திரும்பி மறைந்ததும், "இப்ப யாரும் இல்ல, பார்த்துக்க" என்றேன்.

"வேணாம்" என்றாள். பிளக்கை என் உள்ளங்கையில் வைத்தாள். "மாட்டுங்க, போகலாம்."