வீட்டுல நெஞ்சு வலி

பெண்களுக்குத் துணி தைக்கும் அந்தத் தையல்காரர், கடையில் ஒரு நாளைக்கு முப்பது தடவை "மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது" என்று கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சொல்லித்தான் சீட்டில் எழுதுவார். அதே 'மார்பு' என்கிற வார்த்தை சொந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் வாயில் வராது. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வழக்கமும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்கு "வீட்டுல". வீட்டுல கேட்டுச் சொல்றேன், வீட்டுல உடம்பு சரியில்ல. இதெல்லாம் ஒரு மனுஷிக்கு வைக்கிற பெயரா என்று யாரும் அவரைக் கேட்டதுமில்லை.

ஆறு வாரத்துக்கு முன்பு, புற்றுநோய் என்று சொல்லி அவளுடைய இடது மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து படுக்கையறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. அவருக்குப் படுக்கை முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில். சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு, "வலிக்குதா?" என்பார்.

"ஒண்ணுமில்ல."

எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

ஆனால் போனோடு பேசுவாள். மருத்துவமனை நர்ஸம்மா, அவர்கள் இருவரின் போனிலும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார். நோயாளிக்கு ஒன்று, கவனித்துக்கொள்பவருக்கு ஒன்று. செயற்கை நுண்ணறிவாம். எதைக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லுமாம். ஒருவருக்கு ஆபத்தென்றால் மற்றவருக்குத் தகவல் கொடுக்குமாம். கதவுக்குப் பின்னால் அவள் மணிக்கணக்காக அதனிடம் முணுமுணுப்பது கேட்கும். ஒரு போனைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று அவர் தலையில் எழுதியிருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் உள்ளே அவள் முனகும் சத்தம். கதவைத் தட்டினார். "ஒண்ணுமில்ல." பொறுக்க மாட்டாமல் முதல் முறையாகத் தன் போனில் அந்தச் செயலியைத் திறந்தார்.

"வீட்டுல..." என்று இழுத்தார். அடுத்து வர வேண்டிய வார்த்தை வரவில்லை. "வீட்டுல நெஞ்சு வலி."

"எத்தனை நாளாக?" என்றது போன்.

"ஆறு வாரமா."

"இடது கையைத் தூக்க முடிகிறதா?"

"முடியல."

"பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?"

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். "யாருமில்ல" என்றார். சொன்ன பிறகுதான் கண் கலங்கியது.

"அசையாமல் உட்காருங்கள். உங்கள் மனைவிக்குத் தகவல் போகிறது."

மனைவிக்கா? அடப்பாவி, என்னையல்லவா நோயாளியாக்கிவிட்டது! பதறிப்போய் அவர் போனைத் தட்டுவதற்குள் உள்ளே மணி அடித்தது. கதவு படாரென்று திறந்தது. ஆறு வாரமாகப் போர்வைக்குள் ஒளிந்திருந்தவள் போனும் கையுமாக ஓடி வந்தாள். தொளதொளச் சட்டை இடப்பக்கம் தட்டையாக விழுந்திருந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்கு ஞாபகமில்லை.

"நெஞ்சு வலியா? எப்பருந்து?"

"எனக்கில்ல, உனக்குத்தான். வீட்டுலன்னு சொன்னேன். அது தப்பா எடுத்துக்கிச்சு."

"அது என்ன பண்ணும் பாவம்? நான் என்ன வீடா?" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. செயலியில் 'அவசரமில்லை' என்ற பொத்தானை அழுத்தப் போனவள், அவர் சொன்னதெல்லாம் தன் போனில் வரிசையாக வந்திருப்பதைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"பக்கத்துல யாருமில்லன்னு சொல்லியிருக்கீங்க. இதுவும் என்னைப் பத்தித்தானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் அதுகிட்ட தினம் அதையேதான் சொல்றேன்" என்றாள்.

இத்தனை நாளும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மிஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள்.

"சரி, கேளுங்க. எங்க வலிக்குதுன்னு சரியாக் கேளுங்க."

"மார்பு... வலிக்குதா?"

"அதான் எடுத்துட்டாங்களே" என்றாள் அவள். "ஆனாலும் அங்கதான் வலிக்குது."