திருப்பி அனுப்பிய லாரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேக் துண்டோடு கிடைத்தது. எங்கள் வெல்டன் வட்டாரச் சபையைக் கலைக்கப்போகும் வாரம், மாடி அறையில் பிரிவு உபசாரத் தேநீர். பன்னிரண்டு வருடம் அந்தச் சபையின் தொலைபேசி முன் உட்கார்ந்து, "அது நாங்க இல்லைங்க, கவுண்டி" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். சாலையில் பள்ளமா, கவுண்டி என்கிற மாவட்டச் சபை. தெருவைப் பெருக்க வேண்டுமா, நாங்கள். வாசல் குப்பையை அள்ளுவது நாங்கள். அள்ளியதை வாங்கி எரிப்பதோ புதைப்பதோ கவுண்டி. இனி இரண்டும் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே சபை என்று லண்டனில் முடிவாகிவிட்டது.

கேக்கின் மேல் சபையின் பெயரை எழுதியிருந்தார்கள். என் துண்டில் ஓர் எழுத்துகூட வரவில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஷீலா டட்டன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"நீ ஏதோ எழுதுவியாமே, இதை எழுது. ஆனா என்னை நல்லவளா காட்டிடாதே."

(ஷீலா என்றதும் நம்மூர்ப் பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பத்தாறு வயது, ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு, தேநீரில் பாலை முதலில் ஊற்றுகிற ஆங்கிலேய வம்சம்.)

2

முதல் தொடக்கம்: "மார்ச் மாதத்து மழை வெல்டன் நகரத்தின் மேல் சோம்பலாக…" வேண்டாம். இங்கே மழை பெய்யாத மாதம் எது?

இரண்டாவது: "ஒரே வீட்டில் இரண்டு அரசாங்கங்கள் குடியிருந்தன." கொஞ்சம் படாடோபம்தான், ஆனால் உண்மை. ஷீலாவின் கணவன் மால்கம் எங்கள் சபையில் குப்பை அள்ளும் பிரிவுக்குத் தலைவன். ஷீலா கவுண்டியில் குப்பையை வாங்கிக்கொள்ளும் பிரிவுக்குத் தலைவி. காலையில் அவன் லாரிகள் அள்ளியது மதியம் அவள் கிடங்கு வாசலில் வந்து நிற்கும். புதிய சபையில் இரண்டு பிரிவும் ஒன்றாகிறது. தலைமை நாற்காலியும் ஒன்றுதான்.

3

முதல் பிரதியில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விட்டுக்கொடுத்தார்கள் என்று எழுதினேன். படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். நிஜத்தில் ஒரே மேசையில், ஒரே சாயங்காலம் இருவரும் விண்ணப்பம் போட்டார்கள்.

"நீயும் போடறியா?" என்றான் மால்கம்.

"ஏன், போடக்கூடாதா?"

"போடு, போடு. உனக்குக் கிடைச்சா நான் வீட்ல உக்காந்து சமைக்கிறேன்."

"ஐயய்யோ, அப்ப நான் தோத்துடறேன்பா."

(அவர்கள் மொழியில் 'நீ'யும் 'நீங்க'ளும் ஒரே சொல். எதைப் போடுவது என்று அரை நாள் யோசித்தேன். ஷீலாவின் வாயில் 'நீங்க' ஒட்டவே இல்லை.)

சிக்கல் என்னவென்றால், புதிய வேலையில் அவனுக்கு அவள் பாதி தெரியாது, அவளுக்கு அவன் பாதி தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, டோஸ்ட்டும் ஆரஞ்சு ஜாமும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுத் தயாரானார்கள்.

"பேக்கர் சந்துல லாரி எப்படித் திரும்பும்?" என்று அதிகாரிக் குரலில் கேட்டான்.

"திரும்பாது. ரிவர்ஸ்லயே போகணும். புதன்கிழமைன்னா சந்தை, அதுவும் முடியாது."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்தொம்பது வருஷமா சாப்பிடறப்ப லாரியைத் தவிர வேற என்ன பேசியிருக்கே?"

அவன் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியை வாசித்தான். நீங்கள் எடுத்த தவறான முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்.

ஷீலா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி, கிறிஸ்துமஸ் வாரம், உன் லாரி ஒண்ணைத் திருப்பி அனுப்பினேன்ல."

"மறுசுழற்சிக் குப்பையில டயப்பர் கலந்திருந்துதே, அதானே?"

"கலக்கலை."

மால்கம் கேள்வித் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"லோடு சுத்தமாத்தான் இருந்துது. புருஷன் லாரின்னா கண்ணை மூடிக்கிறாள்னு ஆபீஸ்ல ஒரே பேச்சு. அன்னிக்குக் கிடங்குல நாலு பேர் நின்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அனுப்பிட்டேன்."

அந்த லாரியின் பொறுப்பாளன் கோலின் பிராட்பென்ட். 'நான் பாத்துத்தான் ஏத்தினேன்' என்று மூன்று முறை சொன்னான். மால்கம் லோடை நிராகரித்த தாளில் இருந்த மனைவியின் கையெழுத்தை நம்பினான். கோலினுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, லாரியிலிருந்து இறக்கி, கொட்டகை வேலையில் போட்டான். இரண்டு மாதத்தில் கோலின் வேலையை விட்டுப் போய்விட்டான்.

"கோலினுக்கு நான் கடிதம் குடுத்தது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

4

செவ்வாய்க்கிழமை நேர்காணல். மால்கம் முதலில் போனான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கவுண்டியோடு உங்கள் அனுபவம் எப்படி என்று கேட்டார்கள். அந்த லாரி விஷயத்தைச் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம் போதும், நாற்காலி அவனுக்கு.

மால்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு

மால்கம் ஜன்னலுக்கு வெளியே

(இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். ஜன்னலைப் பார்க்கிற பாத்திரங்களை எனக்குப் பிடிப்பதில்லை.)

அவன் சொன்னது இதுதான்: "நிறைய சண்டை போட்டிருக்கோம். பாதியில தப்பு என் மேல." பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. சொல்லும்போதுதான் அவனுக்கே உறைத்தது: கிடங்கு நாலு மைல் தூரம். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த லோடை ஒரு தடவை தானே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அடுத்து உள்ளே போன ஷீலா, கேட்காமலேயே எல்லாவற்றையும் கோலின் பெயரோடு சொன்னாள். மூன்று பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். வேலை பக்கத்துக் கவுண்டியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. எங்கள் குப்பையை ஒரு நாளும் முகர்ந்து பார்க்காதவர். மின்னஞ்சலைப் படித்து முதலில் மால்கம் சிரித்தான், பிறகு ஷீலா.

"இப்ப யாரு சமைக்கிறது?"

"அத விடு. கோலின் கடிதத்தை என்ன பண்றது?"

அதுதான் அவசரம். மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு அந்தக் கடிதத்தைக் கொடுத்த சபையே இருக்காது. புதிய சபை ரத்துசெய்யலாம்தான். ஆனால் கொடுத்தவர்கள்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மால்கம் நினைத்தான். மேலதிகாரியிடம் இரண்டு நாள் மன்றாடி, பழைய சபையின் தாளிலேயே எழுதி வாங்கினான்: எச்சரிக்கை தவறு, திரும்பப் பெறப்படுகிறது.

5

சனிக்கிழமை முற்பகல். கோலின் இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். மணி அடித்ததும் ஈரக் கையோடு வந்து கதவைத் திறந்தான். "மிஸ்டர் டட்டன்" என்றான். ஷீலாவைப் பார்க்கவில்லை.

மால்கம் கடிதத்தை நீட்டினான். ஷீலா பேசினாள். நாலே வாக்கியம், எதிலும் 'ஆனால்' இல்லை. கோலின் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, இரண்டு தடவை படித்தான்.

முடிவு ஒன்று: உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டான். (இந்த ஊரில் எதை எழுதினாலும் கெட்டிலில் வந்து முடிகிறது.)

முடிவு இரண்டு: கதவைச் சாத்தினான்.

முடிவு மூன்று: "ஒம்பது வருஷம் ஆச்சு உங்களுக்கு" என்று…

இல்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஷீலா சொன்னாள். ஆனால் கோலினை நான் பார்த்ததில்லை, அவனிடம் கேட்கவும் இல்லை. அவன் மூன்று முறை சொன்னதை அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று அவன் வாயில் ஒரு வாக்கியத்தை வைக்க எனக்குக் கை வரவில்லை.

கடிதத்தை மடித்துவிட்டு, முதல் முறையாக அவன் ஷீலாவின் முகத்தைப் பார்க்கிறான். பேசப்போகிறான். நான் பேனாவை மூடிவிட்டேன், நீங்கள் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள்.